ரேடியோ செட் மாமாவும் ஹனிபா பாட்டும்

மாப்ளே,

கடிதமே போடவில்லை என்று திட்டாதே, நீ மட்டும் போட்டாயா? இங்கே எல்லாரும் சுகம். குறுவை தப்பித்தது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டுகிற நம் ரேடியோ செட் மாமாவுக்கு இந்த வருஷம் ஒரு நிபந்தனையாம்: நாகூர் ஹனிபா பாட்டு போடக்கூடாது. வெளியூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் எழுந்து, "அம்மன் கோயிலில் அந்தப் பாட்டு எதுக்கு?" என்றான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. மாமா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முறை உனக்குத் தெரியாதா? முதலில் சீர்காழியின் விநாயகர் பாட்டு, அடுத்து ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்', அப்புறம் ஒரு மாதா பாட்டு. அதற்குப் பிறகுதான் சினிமா. வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாயில் மற்றவர் குரலெல்லாம் கரகரக்கும். ஹனிபா மட்டும் பிசிறில்லாமல் வாய்க்கால் தாண்டி நடவு வயல் வரை போவார். நீ அதைக் கத்தல் என்பாய். போடா! கத்துகிறவரையா இளையராஜா 'செம்பருத்தி'க்குக் கூப்பிட்டுப் பாடவைத்தார்?

தி.மு.க. கூட்டமென்றால் தலைவர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்தக் குரல் ஆளைச் சேர்த்துவிடும். டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி தி.மு.க. நடத்திய கல்லக்குடிப் போராட்டம் நடந்தது 1953-ல். அதைப் பற்றி அவர் பாடியது நம் காலத்துத் தேர்தல் ஜீப்பிலும் வந்ததே! எங்கப்பா கதராடைக் காங்கிரஸ்காரர். ஜீப் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கால் பெருவிரல் மட்டும் தாளம் போடும். 2015-ல் ஹனிபா இறந்த அன்று "நம்ம பக்கத்துக் குரல் போச்சுடா" என்றார். அன்றைக்குக் கட்சிப் பேச்சே இல்லை.

இப்போது பயமாக இருக்கிறது மாப்ளே. நாகூருக்கு நேர்ந்துகொண்டு உனக்கும் எனக்கும் மொட்டை போட்டவர்கள்தானே நம் பாட்டிகள்? அந்தத் தர்காவின் பெரிய மினாரைக் கட்டியதே தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். கூட்டம் கலைந்தபின் அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே "சரிங்கண்ணே" என்றான்.

மாமா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். செட்டே கட்டமாட்டாராம். அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். தலைவர் உன் பெரியப்பா. நான் வாய் திறந்தால் அந்தப் பழைய டைனமோ கதையை ஆரம்பித்து என் வாயை அடைத்துவிடுவார். அதற்குள் நீ அவருக்குப் போன் போடு. மாமாவிடமும் பேசு, நீ சொன்னால் கேட்பார்.