ஜீப்ரா கிராஸிங்குக்கும் சைக்கிள் பாதைக்கும் ஓடி ஓடி உழைச்சவங்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம் மக்களே,

ஸ்கூல் ரோட்டுல ஜீப்ரா கிராஸிங் வந்துடுச்சு, புதுசா வீடுங்க கட்டின எஸ்டேட்ல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிளுக்குத் தனிப் பாதையும் திறந்தாச்சு. இங்க இங்கிலாந்துல உள்ளாட்சின்னா கவுன்சில்தான், அதுக்கு இங்கிலீஷ்ல முறையா ஒரு நன்றி லெட்டர் போயிடுச்சு, அது ஒரு பக்கம்தான், மரியாதையா நாலு வரி. ஆனா இதுக்குப் பின்னாடி ஓடினவங்கள்ல பாதிப் பேர் நம்ம ஆளுங்க, மீதிப் பேர் யாருன்னே நம்ம ஆளுங்களுக்குத் தெரியாது, அதனால தமிழ்ல கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு தோணுச்சு. யார் பேரும் போடல. போட்டா ரெண்டு பேர் கண்டிப்பா எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க, எனக்கு எதுக்கு விளம்பரம்னு.

மொத நன்றி ரிட்டயர்ட் அக்கவுன்டன்ட் சாருக்கு. எல்லாரும் கிராஸிங் வேணும் கிராஸிங் வேணும்னு பேசிக்கிட்டு இருந்தப்போ, "காசு எங்க கெடக்குன்னு மொதல்ல பாருங்கப்பா, அப்புறம் கேளுங்க"ன்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான். நம்ம ஊருக்கு மூணு கவுன்சில் இருக்குங்கறதே பல பேருக்கு அப்பதான் தெரிஞ்சுது. ரோடு, பேவ்மென்ட், கிராஸிங் எல்லாம் கவுண்டி கவுன்சில் பொறுப்பு, வீடு கட்ட பர்மிஷன் குடுக்கறது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், பெஞ்சு, நோட்டீஸ் போர்டு மாதிரி சின்ன வேலையெல்லாம் டவுன் கவுன்சில். டிஸ்ட்ரிக்ட்ல கேட்டா கவுண்டிய கேளுங்கம்பாங்க, கவுண்டில கேட்டா பட்ஜெட் இல்லம்பாங்க, டவுன் கவுன்சில் பாவம் நல்லா டீ போட்டுக் குடுத்து நாங்களும் இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்னு சொல்லுவாங்க.

சார் என்ன பண்ணாருன்னா, எஸ்டேட் கட்ட பில்டருக்கு பர்மிஷன் குடுத்தப்போ போட்ட செக்‌ஷன் 106 ஒப்பந்தத்த தேடி எடுத்தாரு. 1990ல வந்த டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்துல இருக்கற பிரிவு அது. இத்தன வீடு கட்டுறேன், அதனால ஊருக்கு வர்ற பாரத்துக்கு இவ்வளவு காசு தர்றேன்னு பில்டர் எழுதிக் குடுக்கறது. அந்தக் காச எதுக்குன்னு எழுதியிருக்கோ அதுக்குத்தான் செலவு பண்ண முடியும், கெடுவும் உண்டு, பெரும்பாலும் 5 வருஷம் இல்லன்னா 10 வருஷம், அதுக்குள்ள செலவு பண்ணலன்னா பில்டர் திருப்பிக் கேக்கலாம். வாங்கின காசு எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு கவுன்சில் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31க்குள்ள இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஃபண்டிங் ஸ்டேட்மென்ட்னு ஒண்ண வெளியிட்டே ஆகணும், அது வெப்சைட்ல சும்மா கெடக்கும், யாரும் திறக்க மாட்டாங்க. சார் திறந்தாரு. ஸ்கூலுக்கு நடந்து போற வழிய சரி பண்றதுக்குன்னு பில்டர் கட்டின காசு தொடாம அப்படியே இருந்துச்சு, கெடு முடிய ரொம்ப நாளும் இல்ல. அந்த ஒரு வரிய பிரின்ட் எடுத்து மஞ்சக் கலர் அடிச்சு மீட்டிங்குக்குக் கொண்டு வந்தாரு பாருங்க, அன்னைக்குத்தான் "பட்ஜெட் இல்ல"ங்கற பேச்சு நின்னுச்சு. யாரும் வேணும்னு மறைக்கல, ஒப்பந்தம் போடறது ஒரு ஆபீஸ், ரோடு போடறது இன்னொரு ஆபீஸ், நடுவுல இத ஞாபகம் வச்சுக்க ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான்.

அடுத்தது நைட் ஷிஃப்ட் பாக்குற நர்ஸ் அக்கா. காசு இருக்குன்னு தெரிஞ்ச அப்புறமும் அங்க கிராஸிங் தேவையில்லன்னு ஒரு கணக்கு வந்துச்சு. பிவி ஸ்கொயர்னு பழைய ஃபார்முலா ஒண்ணு, இன்னும் நெறைய எடத்துல புழக்கத்துல இருக்கு. ஒரு மணி நேரத்துல ரோட்ட கடக்கறவங்க எத்தன பேருன்னு எண்ணி, அத வண்டி எண்ணிக்கையோட ஸ்கொயரால பெருக்குவாங்க, கூட்டமான நாலு மணி நேரத்தோட சராசரி எடுப்பாங்க, 10 கோடி வந்தா கிராஸிங்குக்கு நியாயம் இருக்குன்னு அர்த்தம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பயந்துக்கிட்டு அந்த ரோட்டுப் பக்கமே வராதவங்கள அது எண்ணாதே? கொழந்தைய கூட்டிக்கிட்டு கடக்க முடியலன்னு கால் மைல் ஸ்கூலுக்கு கார்ல போற அம்மா இந்தக் கணக்குல வண்டியாத்தான் வருவாங்க, ஆளா வர மாட்டாங்க. அக்கா இதத்தான் புடிச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்காம ஸ்கூல் கேட்ல நின்னு, கார்ல வந்து எறக்கி விடறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் "கிராஸிங் இருந்தா நடந்து வருவீங்களா"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கிட்டு வந்தாங்க. அந்தப் பேப்பர் ஆபீசர் கைக்குப் போனப்புறம் பிவி ஸ்கொயர் பத்தி யாரும் வாயத் திறக்கல.

போலீஸ் விபத்துக் கணக்க எடுத்துக் குடுத்த காலேஜ் தம்பிக்கும் இங்கயே சொல்லிடறேன். ஸ்டாட்ஸ் 19னு அந்தப் பதிவு எல்லாரும் பாக்கற மாதிரிதான் இருக்கு, ஆனா அதுல யாருக்காவது அடிபட்டாத்தான் ஏறும், மயிரிழைல தப்பிச்சது எதுவும் ஏறாது. தம்பி அதையும் சேர்த்தே எழுதினான், நம்ம பக்கத்து வாதத்த ஊதிப் பெருசாக்காம.

சைக்கிள் பாதைக்கு வர்றேன். அது வேற காசு, வேற கதை. ஆக்டிவ் டிராவல் இங்கிலாந்துன்னு 2022ல அரசாங்கம் ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, தலைமை ஆபீஸ் யார்க்ல, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின சைக்கிள் வீரர் கிறிஸ் போர்ட்மேன்தான் மொத கமிஷனர். நடக்கவும் சைக்கிளுக்கும்னு வர்ற மத்திய அரசு காசு இப்போ பெரும்பாலும் அவங்க வழியாத்தான் வருது, டிசைன் சரியில்லன்னா குடுக்க மாட்டாங்க. கவுன்சில் ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க் வேற போடறாங்க, நம்ம பசங்க ரிப்போர்ட் கார்டு மாதிரி. நடக்கவும் சைக்கிளுக்கும்னு கவுன்சில் போடற லோக்கல் பிளான்ல ஏற்கனவே எழுதி வச்ச ரூட்டா இருந்தாத்தான் மனு நிக்கும். எல்சிடபிள்யூஐபின்னு நாக்கு சுளுக்கற பேரு அந்தப் பிளானுக்கு, 2017ல இருந்து கவுன்சில்கள தயார் பண்ணச் சொன்னாங்க.

நம்ம பாதை அந்தப் பிளான்ல எப்படி வந்துச்சு தெரியுமா? சைக்கிள் கிளப்ல ஒரு வெள்ளக்கார பாட்டி இருக்காங்க, பிளான் எழுத ஆரம்பிச்ச காலத்துலயே வொர்க்‌ஷாப்புக்குப் போயி மேப்புல ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டுட்டு வந்தவங்க. அப்போ எஸ்டேட்டே கட்டல, நம்ம யாரும் இந்த ஊருக்கே வரல. அந்தக் கோடு மட்டும் இல்லன்னா எவ்வளவு கையெழுத்து வாங்கினாலும் மனுல ஏத்தியிருக்க முடியாது. நடுவுல 2023 மார்ச்சுல லண்டனுக்கு வெளிய இதுக்குன்னு ஒதுக்கின காசுல அரசாங்கம் பெருசா கை வச்சப்போ எல்லாரும் சோர்ந்துட்டோம், பாட்டி மட்டும் "இது எனக்குப் புதுசு இல்ல, பிளான்ல இருக்கு, காசு வர்றப்போ வரும்"னு பிஸ்கட் சாப்ட்டுக்கிட்டே சொன்னாங்க. நம்ம ஆன்ட்டிங்க, அடுத்த தடவ அவங்கள பாத்தா ஒரு டப்பா முறுக்கு குடுங்க, ரொம்பப் புடிக்கும்.

இப்போ நான் ரொம்பச் சொல்லணும்னு நெனச்ச ஆள். நம்ம திட்டத்த எதுத்தவரு. கண்ணு தெரியாத பெரியவர், வழிகாட்டி நாயோட ஸ்டேஷன் பக்கம் நடப்பாரே, அவரு. மொதல்ல வந்த டிராயிங்ல, ஏற்கனவே இருக்கற பேவ்மென்ட்ட கொஞ்சம் அகலமாக்கி, நடக்கறவங்களும் சைக்கிளும் ஒண்ணா போற மாதிரி, நடுவுல வெள்ளக் கோடுகூட இல்லாம போட்டிருந்தாங்க. செலவு கம்மி, வேலை சீக்கிரம் முடியும், நம்ம குழுவுலயே பாதிப் பேருக்கு இது போதும்னு இருந்துச்சு. அவரு ஹால்ல எழுந்து நின்னு, பின்னாடி சைக்கிள் வர்றது எனக்கு சத்தமே கேக்காது, நாய்க்கும் ஓரம் எதுன்னு தெரியாது, இது வந்தா நான் வீட்ட விட்டு வெளிய வர்றத நிறுத்திடுவேன்னு சொன்னாரு. ஹால் அமைதியாயிடுச்சு. சிலருக்குக் கோவம், இவ்வளவு தூரம் வந்து இப்போ ஒருத்தரு தடுக்கறாரேன்னு. சைக்கிளுக்காக அலைஞ்சவங்களுக்கு அந்தக் கோவம் வர்றது எனக்குப் புரியுது, ஆனா நியாயம் அவரு பக்கம்தான் இருந்துச்சு.

விதியும் அவரு பக்கம்தான். 2020 ஜூலைல வந்த எல்டிஎன் 1/20ன்னு டிசைன் வழிகாட்டில தெளிவா இருக்கு, சைக்கிள வண்டியாத்தான் பாக்கணும், நடக்கற ஆளா பாக்கக் கூடாது, ஊருக்குள்ள ரோட்டோரமா ரெண்டையும் பிரிச்சே வைக்கணும்னு. கவுண்டி கவுன்சில்ல இருந்து வந்த எஞ்சினியர் அம்மா அத எடுத்து வச்சுக்கிட்டு டிராயிங்க முழுசா மாத்தினாங்க. சைக்கிள் ஒரு மட்டம், நடக்கறது ஒரு மட்டம், நடுவுல 60 மில்லிமீட்டர் உசரத்துக்குக் கெர்ப், அதான் ஓரக் கல்லு. அது என்ன 60ன்னு நான் கேட்டேன், அதுக்குக் கீழ போனா தடியால தடவறவங்களுக்கும் காலால ஓரம் பாக்கறவங்களுக்கும் நிச்சயமா தெரியாதுன்னு பரிசோதிச்சுப் பாத்திருக்காங்களாம். கிராஸிங் பக்கத்துல புள்ளி புள்ளியா சிவப்புக் கலர் கல்லு பதிச்சிருக்காங்களே, அதுவும் சும்மா அழகுக்கு இல்ல, இங்க ஜீப்ரா இருக்குன்னு கால் பாதத்துக்குச் சொல்றதுக்கு. அதோட பின் வால் மாதிரி ஒரு பட்டை சுவர் வரைக்கும் போகும், நடந்து வர்றவரு அதுல கால் பட்டதும் திரும்பிடுவாரு.

எஞ்சினியர் அம்மாவுக்குத் தனியா ஒரு நன்றி. அந்தப் பழைய வழில ரெண்டு எடத்துல வளைஞ்ச கம்பி கேட் இருந்துச்சு இல்ல, மோட்டார் பைக் வரக்கூடாதுன்னு வச்சது, அதுல கொழந்தைய தள்ளிக்கிட்டுப் போற புஷ்சேரும் போகாது, மொபிலிட்டி ஸ்கூட்டரும் போகாது, கொழந்தைய முன்னாடி வச்சு ஓட்டற சைக்கிளும் போகாது. அத புடுங்கிட்டு 1.5 மீட்டர் இடைவெளி விட்டு பொல்லார்ட்னு குட்டைத் தூணுங்க நட்டது அவங்க. பைக் பசங்க வருவாங்கன்னு சொன்னவங்களுக்கு, வந்தா போலீஸ் பாக்கட்டும், அதுக்காக வீல்சேர்ல வர்றவர ஏன் தண்டிக்கணும்னு ஒரே வரில பதில் குடுத்தாங்க. கூட்டத்துல விசில் அடிக்கணும்னு தோணுச்சு, வயசு தடுத்துடுச்சு.

கடை அண்ணாவ விட்டா அவ்வளவுதான், பால் வாங்கப் போக முடியாது. யாழ்ப்பாணத்துக்காரர், மொதல்ல அவரும் எதிர்ப்புதான், கடை முன்னாடி மூணு கார் நிக்கற எடம் போகுதேன்னு. 21 நாள் ஆட்சேபண டயத்துல முறையா எழுதியே குடுத்தாரு, அது அவரு உரிமை. அதனாலதான் சாமான் எறக்கற வண்டிக்குப் பக்கத்துச் சந்துல தனி எடம் குறிச்சாங்க, அது ஒரிஜினல் பிளான்ல இல்லவே இல்ல. அப்புறம் அதே அண்ணா ஆதரவுப் படிவத்த கல்லாப் பக்கத்துல வச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கோ"ன்னு கேட்டு வாங்கினாரு. டவுன் கவுன்சிலும் புதுசா கட்டறவங்ககிட்ட வாங்கற லெவில அவங்க பங்குக்கு வந்த காசுல கடை முன்னாடி சைக்கிள் கட்டற ஸ்டாண்டு போட்டுக் குடுத்தாங்க, அவங்களுக்கும் நன்றி.

வேற யார்? படிவத்த தமிழ்ல, போலிஷ்ல, உருதுல மாத்திக் குடுத்தவங்க. வெவ்வேற கட்சியா இருந்தும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்ட ரெண்டு கவுன்சிலர்கள். மழைல குழி தோண்டி, பழைய கேபிளும் பைப்பும் மேப்புல சொன்ன எடத்துல இல்லன்னு தெரிஞ்சப்புறமும் பொறுமையா வேலை பாத்த காண்ட்ராக்ட் ஆளுங்க. மீட்டிங் நேரத்துல எங்க பசங்கள வச்சுப் பாத்துக்கிட்ட எங்க அத்தை, விசா முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க, கிராஸிங்க போட்டோலதான் பாத்தாங்க.

வேலை முழுசா முடியல, அதையும் சொல்லிடறேன். பாதை திறந்து ஒரு வருஷம் ஆனப்புறம் விபத்துக் கணக்க வச்சு இன்னொரு ரோடு சேஃப்டி ஆடிட் இருக்கு. ஸ்டேஷன் வளைவுல மழை பெஞ்சா தண்ணி நிக்குது, எஞ்சினியர் அம்மாவுக்குத் தெரியும், ஆனா அவங்க மேல போயிக் கேக்கறதுக்கு ஆதாரம் வேணும்கறாங்க, அதனால தண்ணி நிக்கறப்போ எல்லாம் போட்டோ எடுத்து, ரோட்டுப் பழுத கவுன்சிலுக்குச் சொல்ற ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட் வெப்சைட்ல போடுங்க, குழுவுல மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க. அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு உரிமையோட ஒண்ணு, கிராஸிங்குக்கு ரெண்டு பக்கமும் இருக்கற ஜிக்ஜாக் கோட்டு மேல "ரெண்டே நிமிஷம்"னு காரை நிறுத்தாதீங்க, ஃபைனோட லைசென்ஸ்ல 3 பாயின்ட்டும் ஏறும், அந்தப் பெரியவரும் நாயும் அந்தப் பக்கம்தான் தினம் வர்றாங்க. அக்கவுன்டன்ட் சார் அடுத்ததா ஜிபி சர்ஜரி, அதான் நம்ம டாக்டர் கிளினிக், அதுக்குப் பக்கத்து ரோட்டுக்கு எந்த ஒப்பந்தத்துல காசு கெடக்குன்னு பாத்துக்கிட்டு இருக்காரு, எக்செல் தெரிஞ்சவங்க ஒருத்தர் ரெண்டு பேர் கூட உக்காந்தா நல்லா இருக்கும்னு கேட்டாரு, முடிஞ்சவங்க எனக்கு மெசேஜ் போடுங்க.

அன்புடன்,
ஸ்கூல் ரோடு குழுவுக்காக, பின்வரிசைல உக்காந்து மினிட்ஸ் எழுதினவன்