கல், மரம், ஸ்டீல்: பூங்கா இருக்கைகளைக் கலந்து போடுங்கள்

ஆசிரியருக்கு,

சென்னையில் பூங்காவோ நடைபாதையோ சீரமைக்கும்போது ஒரே மாதிரி பெஞ்சை மொத்தமாக வாங்கி வரிசையாக நட்டுவிடுகிறார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கிரானைட் பெஞ்சு பொழுது சாய்ந்த பிறகும் சுடுகிறது. வயதானவர்கள் நின்றுகொண்டே பேசுகிறார்கள். மேற்கு வெயில் விழும் இடத்தில் மரச்சட்ட இருக்கை, மர நிழலில் கல் திண்ணை, ஆள் நடமாட்டம் மிகுந்த வாசலருகே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இடம் பார்த்துக் கலந்து போட வேண்டும்.

கலப்பதற்கும் கணக்கு உண்டு. எந்தப் பொருளானாலும் உட்காரும் உயரம் 45 செ.மீ. இருக்கட்டும், 40-க்குக் கீழே போனால் முழங்கால் வலிக்காரர்கள் எழுந்திருக்கத் திணறுவார்கள். பாதி இருக்கைகளுக்காவது முதுகுச் சாய்வும் கைப்பிடியும் அவசியம். பெஞ்சை ஒட்டி 90 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்குச் சமதளம் விட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் பக்கத்திலேயே இருந்து பேசலாம். மரச்சட்டங்களுக்கு இடையே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும், நெருக்கி அடித்தால் மழைநீர் தங்கி அடிப்பக்கம் உளுத்துப்போகும். கல்லில் மழைநீர் வழிய 1 செ.மீ. சரிவு கொடுத்தால் போதும். இரும்புப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் அடித்துவிட்டால் மூன்று வகையும் ஒரே குடும்பமாகத் தெரியும்.

ஆனால் பெஞ்சு கெடுவது பெரும்பாலும் போல்ட்டில்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டத்தைச் சாதா இரும்பு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். உப்பு ஈரத்தில் இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இரும்பைத்தான் பிடிக்கும். பெரிய ஸ்டீல் பரப்போடு சின்ன போல்ட் சேரும்போது அதன் வேகம் இன்னும் கூடும். மேலே தலை நன்றாகத்தான் தெரியும். கழற்றினால் வாஷருக்குக் கீழே கழுத்து பாதியாக இளைத்திருக்கும். துருநீர் வடிந்து பக்கத்துக் கல்லிலும் காவிக் கறை ஏறும், தேய்த்தாலும் லேசில் போகாது. வேறு வழியில்லாமல் இரும்புச் சட்டமும் ஸ்டீலும் சேரும் இடத்தில் நைலான் வாஷரும் உறையும் போட்டுப் பிரித்துவிட வேண்டும்.

மெரினா, பெசன்ட் நகர் போன்ற கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் தாங்காது, புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகமே சரி. டெண்டரில் ‘போல்ட், நட், வாஷர் உட்பட’ என்று எழுதாவிட்டால் அங்கேதான் மலிவு பார்ப்பார்கள். பில் தொகை தருமுன் மாநகராட்சிப் பொறியாளர்கள் ஒவ்வொரு போல்ட்டிலும் காந்தம் வைத்துப் பார்க்கட்டும். இறுக ஒட்டினால் அது பெரும்பாலும் சாதா இரும்புதான். 304-ஐயும் 316-ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. அதற்கு, ஸ்டீலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

— நகர்ப்புற வடிவமைப்பாளர்கள் இருவர்,
சென்னை