கொழும்பு குதிரைப் பந்தயத்திடல் மைதானத்தை ரக்பி ஆட்டத்துக்கென நிரந்தரமாக ஒதுக்கக் கோரும் மனு

செயலாளர் அவர்கள்,
விளையாட்டுத்துறை அமைச்சு,
கொழும்பு.

பிரதி: தலைவர், நகர அபிவிருத்தி அதிகார சபை

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

பொருள்: கொழும்பு 07, குதிரைப் பந்தயத்திடல் ரக்பி மைதானத்தின் எதிர்காலம் தொடர்பானது.

கொழும்பில் பாடசாலைக் காலம் தொட்டு ரக்பி ஆட்டத்தைப் பின்தொடர்ந்துவரும் பழைய மாணவர்களும் பெற்றோர்களுமாகிய நாங்கள், மேற்படி மைதானம் குறித்து இம்மனுவைத் தங்கள் கவனத்துக்குச் சமர்ப்பிக்கின்றோம்.

காலிமுகத்திடலில் நடந்துவந்த குதிரைப் பந்தயம் 1893 இல் கறுவாத்தோட்டத்துக்கு மாற்றப்பட்டபோது இந்நிலம் முதன்முதலாகப் பொதுமக்கள் திரளும் இடமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் இதே குதிரைப் பந்தயப் பாதை விமானத்தளமாக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, பிரித்தானிய வான்படையின் 258 ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த 14 ஹரிக்கேன் விமானங்கள் இங்கிருந்தே எழுந்தன. அவற்றுள் ஒன்பது இழக்கப்பட்டன. இங்கு ஒரு விமானத்தளம் இருப்பதைத் தாக்க வந்தவர்கள் அறிந்திருக்கவில்லை. இன்று அங்கு கடைக்கு வருவோரிலும் பெரும்பாலானோர் அறியார். 1956 இல் அரசாங்கத்தின் முடிவினால் கொழும்பில் பந்தயம் நின்றது. நிலத்தின் ஒரு பகுதி காலப்போக்கில் வேறு நிறுவனங்களின் பாவனைக்குச் சென்றது. உள்நாட்டுப் போர் முடிந்தபின், கடந்த தசாப்தத்தின் முற்பகுதியில், நகர அபிவிருத்தி அதிகார சபை பழைய பார்வையாளர் மண்டபங்களைப் புதுப்பித்து அங்காடிகளையும் உணவகங்களையும் அமைத்ததோடு, அவற்றின் முன்னால் சர்வதேச ஆட்டங்களுக்கு ஏற்ற ரக்பி மைதானத்தையும் உருவாக்கியது. அது நல்ல காரியம் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எங்கள் கவலை வேறு. இந்நிலத்தின் பயன்பாடு ஒவ்வொரு தடவையும் மேலிருந்து எடுக்கப்பட்ட ஒரு முடிவினாலேயே மாறியிருக்கிறது. அடுத்த மாற்றமும் அவ்வாறே வரக்கூடும். நகரின் நடுவே, இவ்வளவு பெறுமதியான காணியில், ஒரு புற்றரை வருமானமின்றிக் கிடப்பதாகக் கணக்குப் பார்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பே.

ஆனால் இலங்கை ரக்பிக்கு இதை விட்டால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1879 இல் கொழும்பு காற்பந்துக் கழகம் தோன்றிய காலத்திலிருந்தே இந்நாட்டில் ரக்பி ஆடப்படுகிறது. 1908 இல் தேசிய ஒன்றியம் அமைந்தது. 1974 இல் கொழும்பில் நடந்த ஆசியப் போட்டியில் எமது அணி ஜப்பானுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. இத்தனை நீண்ட வரலாற்றில் ரக்பி பெரும்பாலும் கழகங்களின் வீட்டிலேயே வளர்ந்தது: லோங்டன் பிளேஸ் சி.ஆர். (சிலோனீஸ் ரக்பி) கழகத்தினுடையது, ஹெவ்லொக் பார்க் ஹெவ்லொக் கழகத்தினுடையது, நித்தவெல கண்டிக் கழகத்தினுடையது. எந்தக் கழகத்தையும் சாராமல் தேசிய அணி தன் இடமென்று சொல்லிக்கொள்ளத்தக்க மைதானம் பந்தயத்திடலே. ஆசிய எழுவர் ரக்பித் தொடரின் ஆட்டங்களும் இங்கு நடைபெற்றுள்ளன.

புற்றரையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். கொழும்பின் மழைக்குப் பின், இரு அணி வீரர்களும் கோத்து நின்று ஒருவரையொருவர் தள்ளும் ஸ்க்ரம் ஒன்று இரண்டு தடவை சரிந்தாலே நடுப்பகுதி உழுத வயலாகிவிடுகிறது. முன்வரிசை வீரனின் பூட்ஸ் ஆணி மண்ணில் பிடிக்காமல் வழுகும்போது, பின்னாலிருந்து தள்ளும் எடை முழுவதும் அவன் கழுத்தில் இறங்குகிறது. ஆகவே வடிகாலும் புல்லும் இவ்வாட்டத்தில் அழகுக்கான விடயங்கள் அல்ல, பாதுகாப்புக்கானவை. இசை நிகழ்ச்சிக்கோ கண்காட்சிக்கோ மைதானத்தை வழங்குவதை நாங்கள் முற்றாக எதிர்க்கவில்லை. மேடையும் பாரவூர்தியும் புற்றரைமீது ஏறாதிருக்க வேண்டும், அக்கட்டணத்தின் ஒரு பங்கு பராமரிப்புக்கே திரும்ப வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

எனவே, இம்மைதானம் ரக்பிக்கும் அதனோடு ஒத்துப்போகும் விளையாட்டுகளுக்கும் உரியது என்பதை, நகர அபிவிருத்தி அதிகார சபையுடன் கலந்து வர்த்தமானி அறிவித்தல் மூலம் உறுதிசெய்யுமாறும், அத்தகைய ஏற்பாடு ஏற்கெனவே இருப்பின் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கின்றோம். அங்காடிகளின் வாடகையிலிருந்து பராமரிப்புக்கெனத் தனிக் கணக்கொன்று ஏற்படுத்தப்பட வேண்டும். வெளி மாகாணப் பாடசாலை அணிகளுக்கு ஆண்டுதோறும் சில நாள்களாவது கட்டணமின்றி மைதானம் கிடைக்க வேண்டும். கொழும்பு, கண்டி பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நல்ல புற்றரை ஏனையோருக்கு அரிதாகவே வாய்க்கிறது. நுழைவாயிலில் 1893, 1942, 1956 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளை மூன்று மொழிகளிலும் கூறும் பலகையொன்றை நாட்டுவதற்குப் பெரும் செலவு ஆகாது என நம்புகின்றோம்.

இவை குறித்துக் கலந்துரையாட எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் அறியத் தருமாறும் பணிவுடன் வேண்டுகின்றோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
கொழும்பு வாழ் ரக்பி ஆர்வலர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)