ட்ரோனுக்கு முன் எது, பின் எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் தயவுசெய்து அதில் பளிச்சென்ற எல்இடி விளக்குகளைப் பொருத்துங்கள். நான்கு கை ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போனால் வெறும் கறுப்புப் புள்ளி, அதன் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பியிருந்தால் ரிமோட்டில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளும்போது அது நமக்கு இடப்பக்கம் ஓடும். அப்படிக் குழம்பித்தான் என் முதல் ட்ரோனை மரக்கிளையில் மோதவிட்டேன்.

விமானங்களில் இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. அதையே பின்பற்றலாம். எனக்கு இன்னும் எளிதாகப்படுவது முன் கைகளில் பச்சை, பின் கைகளில் சிவப்பு. சிவப்பு தெரிந்தால் ட்ரோனின் பின்பக்கம் நம்மைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

12 வோல்ட் எல்இடி பட்டையை மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் நேரடியாக இணைக்கலாம், முழு சார்ஜில் அது 12.6 வோல்ட்தான். நான்கு செல் என்றால் 16.8 வரை போகும், பட்டை சூடேறிக் கருகிவிடும், நடுவில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும். பட்டைக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, ஜிபிஎஸ் திசைகாட்டியிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையென்றால் திசைகாட்டி தடுமாறும். சாலிடர் வைத்த இடத்தில் ஒரு சொட்டு பசை விடுங்கள், மோட்டார் அதிர்வில் முதலில் அறுந்துபோவது அந்த இடம்தான். அப்புறம், கேமரா பக்கம் வெளிச்சம் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்