வாட்ச் நம்பரைப் பார்த்து லோடு கொடுக்காதீர்கள்: செங்கோட்டை லாரி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

பிரானூரில் இருந்து எழுதுகிறேன். புளியரை வழியாகக் கொல்லம் ரோட்டில் 26 வருடம் லாரி ஓட்டியவன். பாவூர்சத்திரம், சுரண்டைக் காய்கறியில் ஆரம்பித்து வைக்கோல், ஜல்லி வரை எல்லாம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பெயர் போடவில்லை. போட்டால் பேச்சு என்னைப் பற்றித்தான் ஓடும்.

போன மாதம் உங்களில் ஒருவர் தன்னிடம் வேலை பார்க்கும் ஆறு டிரைவர்களுக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். மலை இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒருவர் நெஞ்சுவலியில் சாய்ந்த பிறகு அவர் எடுத்த முடிவு அது. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாட்சில் 'எச்.ஆர்.வி.' (இதயத் துடிப்பு மாறுபாடு) என்று ஒரு நம்பர் வருகிறதே, அது காலையில் 20-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு லோடு கிடையாது, பேட்டாவும் கிடையாது என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் இதையே செய்யப்போவதாக லாரி நிறுத்தும் செட்டில் பேச்சு. வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். என் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவளை இரண்டு வாரம் தூங்கவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

நாடியைப் பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 70 என்று வருகிறது. உடனே ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஒரே இடைவெளி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருக்காது. ஒரு இடைவெளி 820 மில்லி விநாடி, அடுத்தது 880, அதற்கடுத்தது 850 என்று முன்னே பின்னேதான் போகும். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். இந்த மாறுபாட்டை அளந்து சொல்வதுதான் எச்.ஆர்.வி. மூச்சோடு சேர்ந்து துடிப்பு மாறுவதை ஜெர்மனியில் கார்ல் லுட்விக் 1847-லேயே பதிவு செய்துவிட்டார். வாட்ச் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தது இல்லை.

இதயத்துக்கு இரண்டு வகை நரம்புகள் வருகின்றன. ஒன்று விரட்டும், ஒன்று அடக்கும். அடக்குகிற நரம்புக்குப் பெயர் வேகஸ். பெயரில் வேகம் இருக்கிறது, செய்கிற வேலை நேர் எதிர். எந்த நரம்பும் தொடாமல் விட்டால் இதயம் நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70-ல் நிற்கிறது என்றால் வேகஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிடி ஒரு துடிப்புக்குள்ளேயே விழும், விலகும். விரட்டுகிற நரம்பு வேலை காட்டச் சில விநாடி ஆகும். கோட்டவாசல் மலை இறக்கத்தில் பழகிய கை பிரேக்கை மிதித்தபடியே வராது. கியரில் இழுத்துப் பிடித்து, தொட்டுத் தொட்டு விட்டுத்தான் இறங்கும். இதயத்தை வேகஸ் அப்படித் தொட்டுத் தொட்டு விடும்போது நம்பர் கூடுதலாக வரும். விரட்டும் நரம்பு கை ஓங்கி, வேகஸ் சோர்ந்துவிட்டால் துடிப்பு ஒரே சீராக, இடைவெளி மாறாமல் ஓடும். நம்பர் இறங்கும்.

அப்போ முதலாளி சொல்வது சரிதானே என்பீர்கள். பாதி சரி. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் எழுதினார்கள். 24 மணி நேர ஈசிஜியில் மாறுபாடு 50 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சாவு ஆபத்து, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. ஆனால் அது முழு நாள் ஈசிஜியில் எடுத்த கணக்கு. நீள நேரப் பதிவையும் குறுகிய நேரப் பதிவையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது என்று 1996-ல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் குழு எழுதியே வைத்துவிட்டது. வாட்ச் பெரும்பாலும் ராத்திரித் தூக்கத்தில் மணிக்கட்டில் விளக்கடித்து அளக்கிறது, ஒரு கம்பெனி ஒரு கணக்கு, இன்னொரு கம்பெனி வேறு கணக்கு. வயது ஏற ஏற நம்பர் தானாகவே இறங்கும். 25 வயது கிளீனரையும் 55 வயது டிரைவரையும் 20 என்ற ஒரே கோட்டில் நிறுத்தினால் எப்படி? அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மைத்துனர் சொன்னாராம்.

இன்னொன்று கேளுங்கள். நம்மில் மூத்த டிரைவர் ஒருவருக்கு வாட்ச் 90-க்கு மேல் காட்டியது. செட்டில் கைதட்டல், "பெருசுக்கு இளவட்ட இதயம்" என்று டீ வேறு வாங்கிக் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்துப் படபடப்பு என்று போய் ஈசிஜி எடுத்தால், இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்கிக்கொண்டிருக்கின்றன. துடிப்பே தாறுமாறாக இருந்தால் இடைவெளியும் தாறுமாறாகத்தான் இருக்கும். நம்பர் ஏறத்தானே செய்யும்? உங்கள் கணக்குப்படி அவருக்குத்தான் முதல் லோடு.

சரி, நம்பரை இறக்குவது எது? முதலில் தொப்பை. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைத்திருந்தேன். அதிலிருந்து லெப்டின் என்று ஒரு ஹார்மோன் கசிகிறது, கூடவே ரத்தத்தில் இன்சுலினும் ஏறிவிடுகிறது. இரண்டும் விரட்டுகிற நரம்பைத் தூண்டும். அந்த நரம்பு சிறுநீரகத்துக்கும் போகிறது, அங்கே உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. பிரஷர் ஏறுகிறது. கழுத்தில் சதை போட்டால் குறட்டை, குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வரும், ஒவ்வொரு தடவையும் உடம்பு திடுக்கிட்டு விழிக்கும். ராத்திரி பூராவும் விரட்டல். அப்புறம் பகலில் எஸ் வளைவில் கண் செருகாமல் என்ன செய்யும்? நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். செட்டில் டேப்பைச் சுற்றினால் தேறுகிறவர் எத்தனை பேர் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிரஷர் தனிக் கதை. கழுத்து ரத்தக்குழாயில் அழுத்தத்தை உணர்ந்து மூளை வழியாக இதயத்துக்குத் தகவல் அனுப்பும் இடம் ஒன்று இருக்கிறது. வருடக்கணக்கில் பிரஷர் கூடியே இருந்தால் குழாய் விறைத்து, அந்த இடமும் கூடுதல் அழுத்தத்தையே வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும். திருத்தம் நடக்காது, மாறுபாடு குறையும். தலைகீழாகவும் நடக்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடந்து வரும் ஆய்வில், பிரஷர் இல்லாத ஆண்களிலும் மாறுபாடு குறைந்தவர்களுக்குப் பின்னாளில் பிரஷர் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 1998-ல் எழுதினார்கள். எது முந்தி, எது பிந்தி என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக்கிடக்கின்றன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். புனலூர் தாண்டித் தலைசுற்றி, ஓரமாக நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். 178/110. இடுப்பு 104. "மருந்து கழிக்குன்னுண்டோ" என்று டாக்டர் கேட்டார். அவர் பாஷையில் சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். நான் நம் பாஷை அர்த்தத்தில்தான் கழித்துக்கொண்டிருந்தேன். பாதி அட்டை டேஷ்போர்டிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன், தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். மகள் தன் வாட்சைக் கட்டிவிட்டாள். முதல் வாரம் 17, 18. ஐந்து மாதத்தில் 26. எடை குறைந்தது வெறும் நான்கு கிலோ! அதுதான் எனக்கு ஆச்சரியம். எடை பெரிதாக இறங்காவிட்டாலும், வாரக்கணக்கில் தொடர்ந்து நடந்தால் வேகஸ் தெம்பாகிவிடுமாம். எல்லாப் பெருமையும் நடைக்கு இல்லை, நான் போடும் பிரஷர் மாத்திரைக்கும் நம்பரை ஏற்றும் குணம் உண்டு என்று மகள் சொன்னாள். சாரல் மாதத்தில் மூன்று வாரம் நடக்காமல் இருந்தேன், நம்பர் பழைய இடத்துக்கே நழுவியது. ஒரு தடவை பழக்கத்துக்கு ராத்திரி லோடு ஒன்று அடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை 14.

அந்த 14-ஐத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா, சால்னா, இரண்டு மணிக்கு ஏற்றம், விடியும்போது இறக்கம், ரிட்டர்ன் லோடு, தூக்கம் இரண்டு மணி நேரம். அப்படி அனுப்பிவிட்டுக் காலையில் நம்பர் குறைவு என்று பேட்டாவைப் பிடித்தால், அந்த நம்பர் டிரைவருடையதா, உங்கள் டிரிப் ஷீட்டுடையதா?

ஜெர்ரி மோரிஸ் என்கிற டாக்டர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்து 1953-ல் வெளியிட்டார். நாள் முழுக்க மாடி பஸ்ஸின் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம். பிறகு யூனிஃபார்ம் அளவுகளையும் எடுத்துப் பார்த்தார், டிரைவர் பேன்ட்டின் இடுப்பு பெரிது. ஒரே பஸ், ஆனால் ஒருவருக்கு இருக்கை, ஒருவருக்குப் படி. நம் லாரியில் படியும் இல்லை, கண்டக்டரும் இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. வாட்ச் வாங்கும் காசில் ஒன்றிரண்டு ஆயிரத்துக்குக் கையில் சுற்றிப் பார்க்கும் நல்ல பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கி செட்டில் வையுங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, டீயும் பீடியும் இல்லாமல், இரண்டு தடவை பாருங்கள். திரும்பத் திரும்ப 140/90-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள், அன்றைய பேட்டாவோடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள்தான், ஆனால் டிரைவர் வீட்டில் இருந்தால்தானே? 2025 நவம்பர் வரை இருந்த 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி நேரம் ஓய்வு என்றது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தியது. அந்த அரை மணியை மட்டும் ஒழுங்காக விடுங்கள், ஆரியங்காவு தாண்டி வண்டியை ஓரங்கட்டிக் காலாற நடந்துவிட்டு வருகிறோம். வாட்ச் வாங்கியே தீருவேன் என்பவர் வாங்கலாம், ஆனால் அந்த நம்பர் டிரைவர் கையோடு இருக்கட்டும். அவரவர் போன வாரத்து நம்பரோடு இந்த வார நம்பரை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல பொருள். ஊர் முன்னால் வைத்து லோடு பிரிப்பதற்கு அது ஆகாது.

வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் செட்டுக்கு வருகிறேன். மெஷினும் டேப்பும் என்னுடையதையே கொண்டுவருகிறேன். டிரைவர்களுக்கு முன்னால் முதலாளிமார் கையைத்தான் நீட்டச் சொல்வேன், சட்டைக் கையை மடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
புளியரை ரோட்டின் பழைய டிரைவர் ஒருவன்