கட்டுரைக் கேள்வியைக் கொஞ்சம் மாத்துங்க: தமிழ் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கற ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும், பொதுத்தேர்வு கேள்வித்தாள் தயாரிக்கறவங்களுக்கும் வணக்கம்.

நான் காலேஜ்ல முதல் வருஷப் பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். ஒரு விஷயத்துல நீ எந்தப் பக்கம், ஏன்னு எழுதச் சொன்னா, வாய்ல பேசும்போது பொரிஞ்சு தள்ற பொண்ணுங்க பசங்க எல்லாரும் பேப்பர் எடுத்ததும் ஒரே மாதிரி ஆயிடறாங்க. முன்னுரைன்னு எழுதி அடிக்கோடு, அப்புறம் நன்மைகள், அப்புறம் தீமைகள், கடைசில நாம் அனைவரும் ஒன்றுபட்டுப் பாடுபடுவோம்னு முடிவுரை. சரிப்பா, நீ என்ன சொல்றேன்னு கேட்டா முழிக்கறாங்க.

இது அவங்க தப்பு இல்லீங்க. பத்தாவதுல 8 மார்க் கட்டுரைக்குத் தலைப்பையும் நாமளே கொடுத்து, உள்ள என்னென்ன வரணும்னு குறிப்பையும் நாமளே கொடுத்துடறோம். சாலைப் பாதுகாப்பு பத்தி எழுதுன்னா அது வேணாம்னு சொல்ற ஆளு யாரு? எதிர்த்துப் பேச ஆளே இல்லாத தலைப்புல வாதம் எங்கேர்ந்து வரும்? கட்டு கட்டா பேப்பர் திருத்தும்போது உட்தலைப்பு இருக்கான்னு பாத்து மார்க் போடறது சுலபம்னு எனக்கும் தெரியும், ஆனா அந்த சௌகரியத்துக்காக யோசிக்கற வேலையவே பிள்ளைங்க கையிலேர்ந்து வாங்கிடறோமே.

இதுக்கு வெளிநாட்டு முறை எதுவும் தேடிப் போக வேணாம். மணிமேகலைக் காப்பியத்துல, மணிமேகலைக்கு பௌத்தத் துறவி அறவண அடிகள் தர்க்கம் சொல்லித் தர்ற இடம் உங்களுக்கு நல்லா தெரியும். இந்த மலையில நெருப்பு இருக்கு, இது பக்கம். ஏன்னா புகை தெரியுது, இது ஏது. அடுக்களையில பாக்கற மாதிரி, இது திட்டாந்தம். சொல்ல வந்தது, அதுக்குக் காரணம், நம்பற மாதிரி ஒரு எடுத்துக்காட்டு, ஒரு பத்திக்கு இது போதும். நன்னூல் இலக்கணத்துல எழுவகை மதத்துல, மதம்னா இங்க கொள்கை, 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'ன்னு ஒண்ணு வருது, அடுத்தவன் சொல்றத மொதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் விலக்கறது. சிவஞான சித்தியார்ங்கற சைவ சித்தாந்த நூல்ல, மத்த சமயங்களை மறுக்கற பரபக்கம்ங்கற பகுதி முழுக்க அதான் நடக்குது, எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம்தான் மறுப்பு. இதையெல்லாம் பழம்பெருமையா மட்டும் வெச்சிட்டு, பிள்ளை தன் கட்டுரைல செஞ்சு பாக்க இடம் குடுக்கலேன்னா எப்படிங்க?

என் கிளாஸ்ல நான் எடுத்துக்கற விஷயம் டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசப் பயணம், 2021ல வந்தது, எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும். அது தொடரணுமான்னு கேப்பேன். மொதல்ல எல்லாரும் 'இது மிகவும் பயனுள்ள திட்டம்'னு எழுதுவாங்க. யாருக்கு, எப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தா, வீட்டு வேலைக்குப் போற அம்மாவுக்கு பஸ் காசு மிச்சம், அதனால இன்னும் கொஞ்சம் தள்ளி சம்பளம் ஜாஸ்தி கிடைக்கற இடத்துக்கும் போகலாம்னு வந்து நிப்பாங்க. இப்பதான் அது ஏது. அடுத்து, இத எதிர்க்கறவங்க சொல்றதுலயே பலமான காரணம் எதுன்னு கேப்பேன். பஸ் ஏற்கெனவே நஷ்டத்துல ஓடுதுன்னு ஒருத்தர் சொல்வார், அந்தக் காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் குடுத்துடுதேன்னு இன்னொருத்தர் சொல்வாங்க, அப்ப அது வரிப்பணம்தானே, வசதி இருக்கற பெண்ணுக்கும் ஏன்னு அடுத்த கேள்வி வரும், வருமானம் பாத்துக் குடுக்கணும்னா கண்டக்டர் ஓடற பஸ்ல எப்படி பாப்பார்னு ஒரு பொண்ணு எந்திரிச்சுக் கேக்கும். கட்டுரை பொறக்கறது அந்த எடத்துலதான். திட்டம் வேணாம்னு எழுதற பையனுக்கும் நான் முழு மார்க் போடுவேன், இந்தக் கேள்விக்கெல்லாம் அவன் பதில் சொல்லியிருந்தா.

அதனால கேக்கறேன், 8 மார்க்குக்கு ஒரு கேள்வியாவது ஆதரிக்கவும் எதிர்க்கவும் இடம் இருக்கற கேள்வியா, குறிப்பு இல்லாம வைங்க. எதிர்த்தரப்ப நேர்மையா சொல்லி பதில் குடுத்ததுக்குன்னு விடைக்குறிப்புலயே தனியா 2 மார்க் ஒதுக்குங்க, மார்க் இருந்தாத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாங்க. திருத்தறவர் கருத்துக்கு எதிரா எழுதினாலும் மார்க் குறையக் கூடாதுன்னு அதே தாள்ல எழுத்துல போடுங்க, அந்த பயம் பிள்ளைங்களுக்கு நிறையவே இருக்கு. பொதுத்தேர்வுல மாத்த நாளாகும்னா, வர்ற காலாண்டுத் தேர்வுல உங்க ஸ்கூல்ல மட்டும் வெச்சுப் பாருங்க ஐயா, மாதிரிக் கேள்வி வேணும்னா நானே எழுதி அனுப்பறேன்.