மாவு இங்கே, மசாலா அங்கே

சிங்கப்பூர்

அன்புள்ள கலா,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று பத்மா சொன்னாள். நீயும் உன் மாமியாரும் இப்போது ஒரே கட்சி என்றும் சொன்னாள். அதை நேரில் பார்த்தால்தான் நம்புவேன். இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் தேசிய சேவைக்குப் போனபின் சாப்பாட்டில் குறை சொல்வதையே விட்டுவிட்டான். சாம்பார் வாளிக் கதையைச் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறான். நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி புதுத் தொழிற்சாலை கட்டப் போகிறது. இப்போதுள்ள இடத்தின் குத்தகை முடியப் போகிறது. எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று அறிக்கை எழுதும் வேலை என் தலையில். எங்கள் கம்பெனிப் பெரியவர் மனசில் முடிவு ஏற்கெனவே இருக்கிறது: இட்லி மாவு, மசாலா, முறுக்கு எல்லாமே அக்கரைக்கு, மலேசியாவின் ஜொகூருக்கு. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து அவருக்கு இதே பேச்சுதான். நிலம் மலிவு, கூலி குறைவு, பின்னால் விரிவாக்க இடம் உண்டு என்கிறார். மசாலாவுக்கு அவர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மாவை மட்டும் விடமாட்டேன் என்று நிற்கிறேன். என் கணக்கை உன்னிடம் கொட்டுகிறேன், ஓட்டை இருந்தால் சொல். பம்பு கம்பெனியில் இத்தனை வருஷமாக இதைத்தானே செய்கிறாய்.

ஆலையை எங்கே வைப்பது என்று கோட்பாடு எழுதிய பொருளியல் அறிஞர் ஆல்பிரட் வெபர் ஞாபகம் இருக்கிறதா? தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி விடுதிச் சுவரில் நீ முக்கோணம் வரைந்து விளக்கினாயே, வார்டன் அம்மா வந்து அழிக்கச் சொன்னார்களே, அவர்தான். செய்யும்போது எடை குறைகிற பொருள் என்றால் ஆலை மூலப்பொருள் பக்கம் போக வேண்டும், எடை கூடுகிற பொருள் என்றால் சந்தைப் பக்கம் வர வேண்டும் என்று 1909-இலேயே சொல்லிவிட்டார். அரைத்த இட்லி மாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஜொகூரில் அரைத்தால் குளிர்சாதன லாரியில் வாடகை கொடுத்து நாம் ஏற்றி வருவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அப்படி இல்லை. அரைத்தாலும் எடை அதேதான், மாதக்கணக்கில் கெடாது. மிளகாயும் மல்லியும் வரும் கொள்கலன் ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் இறங்கி, அதே மாநிலத்துச் செனாயில் அரைபட்டு, மெதுவாக இங்கே வரட்டும்.

எடை மட்டும் என்றால்கூடப் பணத்தால் சமாளிக்கலாம். மாவுக்கு உயிர் இருக்கிறது, கலா. போன மாதம் அக்கரையில் ஒருவரிடம் அரைக்கக் கொடுத்து, ஒரு சுமையைச் சோதனைக்காகக் கொண்டுவரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நகரவே இல்லை. லாரி வந்து சேர்ந்ததும் நானே பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஆழத்தில் இருந்தவை நன்றாகத்தான் இருந்தன. கதவோரத்து அட்டைப்பெட்டிகளில் இருந்த பாக்கெட்டுகள் உப்பி நின்றன. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், ஒட்டிய ஓரம் விட்டுக்கொடுத்து உஸ் என்று காற்று வெளியே வந்தது, கூடவே புளித்த வாடை. 1924-இல் திறந்த பாலம் அது, நீளம் ஒரு கிலோமீட்டர்தான். 1998-இல் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம் இரண்டாவது பாலமும் வந்தாயிற்று. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை எத்தனை மணிக்கு வண்டி வந்து சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எங்களுக்கோ வார இறுதியில்தான் மாவு விற்பனை.

அடுத்தது கொள்ளளவு. இதில்தான் பெரியவரோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். கிரைண்டர் மணிக்கு 500 கிலோ அரைக்கும், 20 மணி நேரம் ஓட்டினால் 10 டன், இரண்டு கிரைண்டர் வாங்கினால் 20 டன் என்கிறார். அரைத்தது எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். புளிக்க 8 மணி நேரம் ஆகும் என்றால், மணிக்கு 500 கிலோ உள்ளே போகும் அறையில் எந்நேரமும் 4 டன் மாவு நின்றுகொண்டே இருக்கும். இரண்டாவது கிரைண்டர் வந்தால் 8 டன். அதற்குப் பிறகு குளிர வைக்க வேண்டும். எங்கள் ஆலையின் வேகத்தை முடிவு செய்வது கிரைண்டரே இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் புளிப்பு அறையும் குளிர் அறையும்தான். பணத்தை அங்கே போடாமல் கிரைண்டரில் போட்டால் மாவு வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அப்புறம், இயந்திரம் ஓடும் நேரம் 90 விழுக்காடு, வேகம் 90 விழுக்காடு, நல்ல சரக்கு 95 விழுக்காடு என்று வைத்தாலே மூன்றையும் பெருக்கினால் 77 விழுக்காடுதான் கையில் நிற்கும். பெரியவர் தாளில் 100 போட்டு வங்கிக்குக் காட்டப் பார்க்கிறார். எனக்கு அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

உச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்பதிலும் இரண்டு பொருளுக்கும் இரண்டு வழி. தீபாவளிக்கு முறுக்கு மாவும் மசாலாவும் எகிறும். ஆனால் அவற்றை முன்கூட்டியே அரைத்து அடுக்கிவிடலாம், ஆகவே ஆண்டுச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் போதும். புரட்டாசியில் பாதி ஊர் சைவத்துக்கு மாறி இட்லி தோசை என்று இறங்கும்போது, அந்த மாவை ஆவணியில் அரைத்து வைக்க முடியாது. மாவுக்கு உச்ச நாளின் அளவுக்குக் கட்டியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் ஒரே கணக்கில் போட்டால் ஒன்று காலியாகக் கிடக்கும், இன்னொன்று மூச்சுத் திணறும்.

இங்கே இடம் என்றால் எனக்குப் பிடித்தது வடக்கே செனோக்கோ பக்கம். துவாஸில் கொஞ்சம் தாராளமான கட்டடம் காட்டினார்கள், போய்ப் பார்த்தேன். தளம் பளு தாங்கும், பெரிய லாரி வாசல்வரை வரும். ஆனால் எங்கள் பேக்கிங் அக்காமார் எல்லாம் அதே வடக்குப் பக்கத்து ஈசூன், உட்லண்ட்ஸ் ஆட்கள். துவாஸ் லிங்க் வரைக்கும் ரயிலில் வந்து அங்கிருந்து பேருந்தும் பிடிக்க வேண்டுமென்றால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். உற்பத்தித் துறையில் வேலை அனுமதி, எஸ் பாஸ் என்ற அனுமதிகளில் வரும் வெளிநாட்டு ஆட்கள் மொத்த ஊழியரில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; உள்ளூர் அக்கா ஒருவர் போனால் அவரோடு சேர்ந்து வெளிநாட்டு ஆள் எடுக்கும் இடமும் போகும். அந்தக் கணக்கை விடு. ருக்மணி அக்காவைப் பார்த்து இனி நீங்கள் வர வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. என் சின்னவள் பிறந்தபோது மூன்று மாதம் என் ஷிப்ட்டையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டவர் அவர்.

ஜொகூரில் ஆள் எளிதில் கிடைக்கும் என்பதும் பாதிதான் உண்மை. ஸ்கூடாய், மாசாய் பக்கத்துப் பிள்ளைகள் விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் இங்கே வருகிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது அவர்கள் ஏன் அங்கேயே நிற்க வேண்டும்? நம்மிடம் அந்த வரிசையில் வரும் தம்பி ஒருவனைக் கேட்டேன். “ரிங்கிட் சம்பளம்னா நான் வேற கம்பெனி பார்த்துக்குவேன் அக்கா” என்றான், மரியாதையாகத்தான்.

பெரியவர் எதற்கும் ஜூரோங்கைத்தான் இழுப்பார். 1961-இல் அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை கட்ட ஆரம்பித்தார், ஆலைகள் வராமல் நிலம் காலியாகக் கிடந்தபோது ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கேலி செய்தார்கள், கடைசியில் ஜெயித்தது யார் என்று கேட்பார். நியாயம்தான். ஆனால் அது ஓர் அரசாங்கம். தேவைக்கு முன்னே கட்டிவிட்டுக் காத்திருக்க அதனால் முடியும். எங்களுக்கு மாதம் பிறந்தால் கடன் தவணை.

ஆகவே நான் எழுதப் போவது இது: மசாலாவும் முறுக்கும் செனாயில், மாவு செனோக்கோவில். மாவு ஆலையில் முதலில் ஓர் இயந்திர வரிசை மட்டும். இரண்டாவது வரிசைக்கு வடிகாலும் மின்சாரமும் இப்போதே, இயந்திரம் பிறகு. வடிகாலை முதலில் சொல்லக் காரணம், அரிசி ஊறிய தண்ணீர். பொதுக் கழிவுக் குழாயில் விடும் நீரில் பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் இங்கே கூடுதல் கட்டணம். தரையைப் பிறகு உடைத்துக் குழாய் பதிப்பதைப்போன்ற தண்டச் செலவு வேறில்லை.

குளிர் அறைக் கணக்கைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒரு பாக்கெட் குளிர 4 மணி நேரம் என்று வைத்தேன். தட்டுகளை நெருக்கமாக அடுக்கினால் அது போதாது என்று என் சந்தேகம். அதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல், திங்கள் காலை கூட்டம். பத்மாவின் பெண் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன், நீ எனக்கும் சேர்த்து அறை போட்டுவிடு.

அன்புடன்,
மீனா